ஓ.டி. வீட்டுக் கடன்: கையில் பணம் நிற்பவருக்கு மட்டும்

ஓவர் டிராஃப்ட் (ஓ.டி.) வகை வீட்டுக் கடனில் கையில் மிஞ்சும் பணத்தைக் கடன் கணக்கிலேயே போட்டுவைக்கலாம்; அது நிற்கும்வரை அந்த அளவு கடனுக்கு வட்டி ஓடாது, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதைப் பற்றி விசாரித்தால் முதலில் காதில் விழுவது இதுதான்: "சம்பளத்தை இந்தக் கணக்கிலேயே வாங்குங்க, வட்டி தானா குறையும்." பொய்யில்லை. எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டால்தான் சப்பென்று ஆகிவிடும். மாதம் ஒரு லட்சம் ரூபாய் முதல் தேதி விழுந்து, மாதக் கடைசிக்குள் சீராகக் கரைந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் சராசரியாக நிற்பது 50,000. வட்டி 8.25 சதவீதம் என்றால் வருடத்துக்கு மிச்சம் 4,125 ரூபாய். ஓ.டி. வசதிக்காக வங்கி கால் சதவீதம் கூடுதல் வட்டி வைத்தால், 50 லட்சம் கடனுக்கு முதல் வருடம் அது சுமார் 12,500. சம்பளத்தை மட்டும் நம்பி இறங்கியவருக்கு நஷ்டம்.

ஸ்டேட் பேங்கின் மேக்ஸ்கெய்ன், ஐ.டி.பி.ஐ.யின் இன்ட்ரஸ்ட் சேவர், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டின் ஹோம் சேவர் எல்லாம் இந்த வகைதான். பேங்க் ஆஃப் பரோடாவின் ஹோம் லோன் அட்வான்டேஜில் சேமிப்புக் கணக்கு தனியாக இருக்கும்; அதில் நிற்கும் தொகையைக் கடனில் கழித்துவிட்டு மீதிக்கு வட்டி போடுவார்கள். மேக்ஸ்கெய்னில் கடன் கணக்கே ஓ.டி. கணக்கு. பிரிட்டனில் 1997-இல் வந்த வர்ஜின் ஒன் கணக்கும் இப்படித்தான், கடனும் நடப்புக் கணக்கும் ஒரே கணக்காக ஓடியது.

பலரும் குழம்புவது நெட் பேங்கிங் திரையில். டிராயிங் பவர் என்பது தவணை அட்டவணைப்படி இன்று இருக்க வேண்டிய கடன். மாதாமாதம் அசல் பங்கு அளவுக்கு இறங்கும். புக் பேலன்ஸ் என்பது உண்மையில் நிற்கும் கடன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவெய்லபிள் பேலன்ஸ், அதாவது நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய உபரி.

50 லட்சம், 20 வருடம், 8 சதவீதம் என்றால் தவணை சுமார் 41,822 ரூபாய். முதல் நாளே 5 லட்சத்தை உள்ளே போட்டுவிட்டால் முதல் மாத வட்டி 33,333-க்குப் பதில் 30,000. மாத முடிவில் புக் பேலன்ஸ் 44,88,178, டிராயிங் பவர் 49,91,511. கழித்தால் 5,03,333. மிச்சமான 3,333 ரூபாய் தவணையைக் குறைக்கவில்லை, காகிதத்தில் இருக்கும் கடன் காலத்தையும் குறைக்கவில்லை. உபரியோடு போய்ச் சேர்ந்துகொண்டது. "இவ்வளவு போட்டும் ஈ.எம்.ஐ. குறையலையே" என்று கிளையில் போய்ச் சண்டை போடுபவர்கள் பார்க்க வேண்டிய எண் இதுதான். உபரி வளர்ந்து வளர்ந்து டிராயிங் பவரைத் தொடும் நாளில் கடன் நடைமுறையில் தீர்ந்தது.

எவ்வளவு உபரி நின்றால் இது கட்டுப்படியாகும்? அந்தப் பணம் மாற்றாக எங்கே இருக்கும் என்பதைப் பொறுத்தது. 2.5 சதவீதம் தரும் சேமிப்புக் கணக்கில் தூங்கப்போகிற பணம் என்றால், மேலே சொன்ன 12,500-ஐ ஈடுகட்ட வருடம் முழுக்கச் சராசரியாக 2.2 லட்சம் நின்றால் போதும். 6.5 சதவீத எஃப்.டி.யில் போடுகிறவர், 30 சதவீத வரி வரம்பில் இருக்கிறார் என்றால் செஸ்ஸும் சேர்த்து வரி போக அவருக்குக் கிடைப்பது 4.5 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. அவருக்கு 3.3 லட்சம் நிற்க வேண்டும். எஃப்.டி. வட்டிக்கு வரி உண்டு, மிச்சப்படுத்திய கடன் வட்டிக்கு வரி கிடையாது. இந்தத் திட்டத்தின் உயிர்நாடியே அதுதான். அவசர நிதி, போனஸ், இரண்டு வருடம் கழித்துக் கட்டப்போகும் கல்லூரிக் கட்டணம், முன்கூட்டிய வரிக்காகத் தொழில் செய்பவர் ஒதுக்கும் தொகை: இவையெல்லாம் நிற்க ஏற்ற இடம். திரும்பத் தேவையே இல்லாத பணமா? அப்படியானால் சாதாரண வீட்டுக் கடனை எடுத்து அதில் பகுதி முன்செலுத்தல் செய்துவிடுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்செலுத்தல் அபராதம் கிடையாது. கால் சதவீதமும் மிச்சம்.

வரி விஷயத்தில் ஒரு நுணுக்கம். உபரியாகப் போட்ட பணம் அசல் திருப்பிச் செலுத்தியதாக ஆகாது, பழைய வரிமுறையில் அசலுக்குக் கிடைக்கும் கழிவுக்கு (80சி என்று பழகியது) அதைக் காட்ட முடியாது. அட்டவணைப்படி குறைந்த அசல் மட்டும்தான் கணக்கு. வட்டிக் கழிவு குறைந்துவிடுமே என்ற பயம் பெரிய கடன்காரருக்குத் தேவையில்லை: சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு உச்சவரம்பு 2 லட்சம், 50 லட்சம் கடனின் முதல் வருட வட்டியோ ஏறத்தாழ 4 லட்சம். பாதிக் கடன் அளவுக்கு உபரி நிற்கும்வரை கழிவில் ஒரு ரூபாயும் போகாது. கணவன் மனைவி இருவரும் கூட்டாக வாங்கிய கடன் என்றால் ஆளுக்கு 2 லட்சம், அப்போது இந்தக் கணக்கு மாறும். புதிய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவே இல்லாததால் யோசிக்க ஒன்றுமில்லை, எவ்வளவு போட்டாலும் லாபம்.

கோளாறு வருவது பெரும்பாலும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷனில், அதாவது மாதாமாதம் தவணையைத் தானாக மாற்றும்படி வங்கிக்குக் கொடுத்துவைத்த உத்தரவில். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது, வீட்டுக் கடன் வட்டியும் கூடவே ஏறியது. 7 சதவீதத்தில் 38,765-ஆக இருந்த 50 லட்சத்தின் தவணை 9.5-இல் 46,607. சம்பளக் கணக்கிலிருந்து போகும் தொகையோ பழையபடியே 38,765. சாதாரணக் கடனில் உடனே குறுஞ்செய்தி பறந்து வரும். ஓ.டி.யில் உபரி இருந்தால் அந்தப் பற்றாக்குறையைச் சத்தமில்லாமல் உபரி விழுங்கிவிடும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 90,000-க்கு மேல் காணாமல் போயிருக்கும். வட்டி மாறும் ஒவ்வொரு முறையும் புதிய தவணை என்ன, காலம் நீண்டதா என்று கேட்டு வாங்கி, இன்ஸ்ட்ரக்ஷனை நீங்களே மாற்றுங்கள். 2025-இல் நடந்ததுபோல வட்டி இறங்கினால் சிக்கலில்லை, கூடுதலாகப் போவது உபரியில் சேரும்.

உபரியை ஒட்டத் துடைத்து எடுப்பதும் ஆபத்து. வட்டி மாதக் கடைசி நாளில் பற்று வைக்கப்படும், தவணை 5-ஆம் தேதி வரும் என்றால் இடையில் சில நாள் கணக்கு டிராயிங் பவரைத் தாண்டி நிற்கும். ஒரு தவணை அளவாவது எப்போதும் விட்டுவையுங்கள்.

இந்தக் கணக்கை யு.பி.ஐ.யோடு இணைக்கவே வேண்டாம். ஏ.டி.எம். கார்டு தந்தால் முடக்கி வையுங்கள். எட்டு லட்சம் உபரி உள்ள கணக்கில் மோசடி நடந்தால் போவது சேமிப்பு மட்டுமல்ல, அன்றிலிருந்து அதற்கு வீட்டுக் கடன் வட்டியும் ஓடும். தினசரிச் செலவுக்குத் தனிச் சேமிப்புக் கணக்கு, அங்கே மிஞ்சுவதை வாரம் ஒருமுறை ஓ.டி. கணக்குக்கு மாற்றுவது போதும். இப்படிச் செய்தால் 'ஒரே கணக்கு' என்ற பெருமை போய்விடுகிறதே என்றால், போகட்டும்.

உள்ளே இருப்பது வைப்புத்தொகை அல்ல, குறைந்த கடன். 5 லட்சம் வைப்புக் காப்பீடு இதற்குப் பொருந்தாது, தேவையுமில்லை. ஆனால் திரும்ப எடுக்கும் உரிமை வங்கியின் நிபந்தனைக்கு உட்பட்டது. 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் முடக்கத்தின்போது வைப்புதாரருக்கே 50,000 ரூபாய் வரம்புதான். மூன்று மாதச் செலவையாவது வேறு வங்கியில் வையுங்கள்.

உபரி டிராயிங் பவரைத் தொட்டதும் கணக்கைப் போட்டுவைக்காதீர்கள். அதற்கு மேல் போடும் பணத்துக்கு வட்டி வராது. முடிக்கச் சொல்லி எழுத்தில் கடிதம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். முழுக் கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி. தமிழ்நாட்டில் கடன் எடுக்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவாகியிருந்தால் அதற்கான ரத்து ரசீதையும் பதிவுசெய்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்துவிடுங்கள்.