ஆறு அமர்வுக்குப் பணம் கட்டினேன், உருப்படியாகக் கிடைத்தது இரண்டு

முதுநிலை ஆர்ட், டிசைன் படிப்புகளின் சேர்க்கை நேர்காணலுக்குத் தயார்படுத்துகிறோம் என்று சொல்லும் ஒரு ஆன்லைன் பயிற்சியில் போன சீசனில் சேர்ந்தேன். பெயரை விட்டுவிடுகிறேன். ஆறு அமர்வு: போர்ட்ஃபோலியோ (நம் வேலைகளின் தொகுப்பு) பார்ப்பது இரண்டு, ஸ்டேட்மென்ட் (நம் வேலையைப் பற்றி நாமே எழுதும் குறிப்பு) திருத்துவது ஒன்று, பொதுவான ‘வழிகாட்டல்’ ஒன்று, மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை நேர்காணல், இரண்டு. கூடவே ஒரு கேள்வி வங்கி இலவசம். என்னுடைய துறை பிரிண்ட்மேக்கிங், பெரும்பாலும் லினோகட், அதாவது லினோலியத் தகட்டை உளியால் செதுக்கி, மை தடவி அச்செடுப்பது. நான்கு இடத்துக்கு எம்எஃப்ஏ (நுண்கலை முதுநிலை) விண்ணப்பம் போட்டேன், மூன்றில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், ஒன்றில் இடம் கிடைத்தது, இன்னொன்றில் காத்திருப்போர் பட்டியல். இந்தப் பயிற்சியால்தான் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த இரண்டு மாக் இன்டர்வியூ இல்லாமல் போயிருந்தால் முதல் நேர்காணலிலேயே உளறிக் கொட்டியிருப்பேன் என்பது மட்டும் நிச்சயம்.

வீணானதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கேள்வி வங்கி என்பது 140 கேள்விகள் கொண்ட ஒரு பிடிஎஃப், அதில் பாதி வேலைக்கான நேர்காணலில் இருந்து அப்படியே உருவியது. உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள், இப்படி. மூன்று நேர்காணலிலும் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் திரையில் இருந்த வேலையைப் பற்றித்தான். இதை முடிந்தது என்று எப்போது முடிவு செய்தீர்கள், இதில் எது நினைத்தபடி வரவில்லை, இவற்றில் ஒன்றை எடுத்துவிட வேண்டுமென்றால் எதை எடுப்பீர்கள். கடைசிக் கேள்வி இருக்கிறதே, அது கேட்க எளிதாக இருக்கும், ஆனால் நாமே பொறுக்கி அடுக்கியதில் எது பலவீனமானது என்று மூன்று பேராசிரியர்கள் முன்னால் ஒத்துக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும். எல்லாமே முக்கியம் என்று சொன்னால் உங்களுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

போர்ட்ஃபோலியோ அமர்வுக்கு வந்தவர் யூஎக்ஸ் பின்னணிக்காரர் போல, ஆப், இணையதளம் வடிவமைக்கும் ஆள். எல்லாவற்றையும் டபுள் டயமண்டுக்குள் அடக்கச் சொன்னார், பிரிட்டனின் டிசைன் கவுன்சில் 2000களில் பரப்பிய அந்த இரட்டை வைரப் படம்தான். ஆராய், வரையறு, உருவாக்கு, வழங்கு. சேவை வடிவமைப்புக்கோ ஆப் வடிவமைப்புக்கோ போகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம், அவர்களிடம் பள்ளிகளும் செய்முறையைத்தான் கேட்கின்றன. நான் செய்வது ரிடக்‌ஷன் லினோகட். ஒரே தகட்டை ஒவ்வொரு நிறத்துக்கும் மேலும் மேலும் செதுக்கிக்கொண்டே போக வேண்டும், செதுக்கியதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. இதில் எந்த வைரத்தை எங்கே வைப்பது? இரண்டாவது போர்ட்ஃபோலியோ அமர்வும் அவரே. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஸ்டேட்மென்ட் திருத்தம் அதைவிட மோசம். நான் எழுதி அனுப்பியது பளபளவென்று திரும்பி வந்தது. ‘லிமினல்’ (இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நிலை) என்ற சொல்லை இரண்டு இடத்தில் செருகியிருந்தார்கள், ‘இன்டர்டிசிப்ளினரி’ (பல துறைகளை இணைப்பது) மூன்று இடத்தில். படிக்க நன்றாகத்தான் இருந்தது, எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

அப்புறம்தான் முதல் மாக் இன்டர்வியூ. இதை நடத்தியவர் வேறு ஒருவர், ஓவியர், மாணவர் வேலையை எல்லோரும் சேர்ந்து விமர்சிக்கும் கிரிட் வகுப்புகளில் பல வருடம் உட்கார்ந்தவர். என் ஸ்டேட்மென்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “இந்த இரண்டாவது பத்தியை உங்கள் வாயால் சொல்லுங்கள், படிக்காமல்” என்றார். முடியவில்லை. லிமினல் என்றால் இந்த வேலையில் எது, காட்டுங்கள் என்றார். அதுவும் முடியவில்லை. நேர்காணல் செய்பவர்கள் கையில் நம் ஸ்டேட்மென்ட் இருக்கும், அதில் இருந்து ஒரு சொல்லைப் பிடித்து இழுப்பது அவர்களுக்குப் பழக்கம். நல்லவேளை, விண்ணப்பம் அனுப்பும் முன்பே இது நடந்தது, அன்றைக்கு ராத்திரியே பழைய ஸ்டேட்மென்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அவர் செய்த இன்னொரு காரியம், நான் பதில் சொல்லி முடித்ததும் ஒன்றும் பேசாமல் இருந்தது. பத்து நொடி இருக்கும். அந்தப் பத்து நொடியைத் தாங்க முடியாமல் நான் சொன்னதையே வேறு மாதிரிச் சொல்லி, பிறகு அதற்கு முரணாக ஒன்று சொல்லி, கடைசியில் என் வேலைக்கு நானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதிவைப் பார்த்தபோது 24 நிமிடத்தில் ‘அதாவது’ என்று 31 தடவை சொல்லியிருக்கிறேன், எண்ணினேன். பதில் முடிந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கலாம், எதிரே இருப்பவர் யோசிக்கிறார் அல்லது குறிப்பு எழுதுகிறார், அவ்வளவுதான்.

எந்தக் கலைஞர்களைப் பார்க்கிறீர்கள் என்ற கேள்வி எல்லா இடத்திலும் வரும். நான் ஜெர்மன் கலைஞர் கேத்தே கொல்விட்ஸ் என்றேன், ஏன் என்றதற்கு உணர்ச்சி, வலி என்று ஏதோ சொன்னேன். “அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், உங்கள் கையில் இருக்கும் உளிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். அதன் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். கொல்லப்பட்ட ஜெர்மன் இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்னெக்டுக்கான நினைவுப் படத்தை கொல்விட்ஸ் முதலில் எட்சிங்கில் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடுவது) முயன்று, பிறகு லித்தோவில் (கல்லில் வரைந்து அச்சிடுவது) முயன்று, இரண்டும் ஒத்துவராமல் 1920 வாக்கில் மரச்செதுக்கில் முடித்தார். ‘போர்’ தொடரின் ஏழு படங்களும் மரச்செதுக்குதான். லீப்னெக்ட் படத்தில் ஒரே விஷயம், மூன்று ஊடகம், மூன்றாவதில்தான் நின்றது. எனக்கு இது எவ்வளவு உதவியது தெரியுமா? ஏன் ஸ்க்ரீன் பிரிண்ட் (துணித் திரை வழியாக மையைத் தள்ளி அச்சிடுவது) இல்லாமல் லினோ என்று உண்மையான நேர்காணலில் கேட்டபோது, நான் ஸ்க்ரீன் பிரிண்டில் செய்து தோற்ற இரண்டு தாள்களைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினேன். பேச்சு அங்கேயே கால் மணி நேரம் ஓடியது.

இரண்டாவது மாக் இன்டர்வியூவில் மாட்டியது அளவு. என்னுடைய ஒரு பிரிண்ட் 120 சென்டிமீட்டர் உயரம். திரையில் அது பக்கத்தில் இருக்கும் உள்ளங்கை அளவுப் பிரிண்ட் மாதிரியேதான் தெரிகிறது. தலைப்பில் அளவு எழுதியிருந்தேன், ஆனால் யார் அதைப் படிக்கிறார்கள்? சுவரில் மாட்டி, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் படம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார் அதே ஓவியர். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் மாதிரி இடங்களில் 10 முதல் 20 படம்தான் அனுப்ப முடியும், அதில் ஒன்றை இதற்குச் செலவழிப்பதா என்று முதலில் மனசு வரவில்லை. செலவழித்தேன், சரியான முடிவு.

‘ஏன் எங்கள் பள்ளி’ என்பதற்கு நான் வைத்திருந்த பதில், நல்ல வசதிகள், நல்ல அச்சு இயந்திரம். எந்தப் பள்ளிக்கும் பொருந்தும் பதில் எந்தப் பள்ளிக்கும் பதில் இல்லை என்று சொல்லி ஒரு உதாரணம் காட்டினார். அமெரிக்காவின் கிரான்புரூக் அகாடமி என்ற கலைப் பள்ளியில் இளநிலையே கிடையாது, ஒவ்வொரு துறையையும் அங்கேயே தங்கி வேலை செய்யும் ஒரு கலைஞர் நடத்துகிறார், வழக்கமான வகுப்பு அட்டவணையும் இல்லை. அங்கே போய் பாடத்திட்டம் பிடித்திருக்கிறது என்று சொன்னால் நீங்கள் இணையதளத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். நான் எழுதி வைத்திருந்த நான்கு பதில்களையும் கிழித்துப் போட்டேன்.

ஒரு சொதப்பலையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது அமர்வு மார்ச் நடுவில், அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். அவர்கள் அனுப்பிய அழைப்பில் பழைய நேரம். நான் நுழைந்தபோது அவர் ஐம்பது நிமிடம் காத்திருந்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார். நல்ல மனிதர், உட்கார்ந்தார். பயிற்சி நிறுவனத்துக்கு மெயில் போட்டால் ‘உங்கள் காலண்டர் அமைப்பைச் சரிபார்க்கவும்’ என்று பதில். ஐரோப்பாவில் இது மார்ச் கடைசி ஞாயிறுதான் மாறும், அதனால் நடுவில் இரண்டு மூன்று வாரம் எல்லாக் கணக்கும் தப்பும், பல பள்ளிகளின் நேர்காணல்களும் அதே சமயத்தில்தான். உண்மையான நேர்காணலுக்கு முன்னால் பள்ளிக்கே ஒரு மெயில் போட்டு நேரத்தை உறுதி செய்துகொண்டேன், நீங்களும் செய்யுங்கள்.

அப்படியென்றால் வாங்கலாமா? முழுப் பேக்கேஜ் வேண்டாம். மாக் இன்டர்வியூவைத் தனியாகத் தருகிறார்களா என்று கேளுங்கள், தந்தால் இரண்டு எடுங்கள், ஒன்று விண்ணப்பத்துக்கு முன், ஒன்று நேர்காணல் அழைப்பு வந்த பிறகு. யார் நடத்துவார் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள், உங்கள் துறைக்காரர் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு ஓவியரோ சீனியரோ அரை மணி நேரம் முகதாட்சண்யம் பார்க்காமல் கேள்வி கேட்கத் தயார் என்றால் இதுகூடத் தேவையில்லை, ஃபோனில் பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுத்தேன், அந்த மூன்றும் அந்த ஓவியருக்கு. பதிவுகளை முப்பது நாளில் அழித்துவிடுகிறார்கள், அதை எங்கேயும் பெரிதாகச் சொல்வதில்லை, எடுத்தால் அன்றைக்கே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.