மாடித்தோட்டத்தில் மண் ஈரப்பத சென்சார்: காலிபரேஷன் செய்து பயன்படுத்திய அனுபவம்

மாடித்தோட்டத்துச் செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் விடுவதற்காகக் கெபாசிட்டிவ் (மின்தேக்குத் திறன் மாறுவதை வைத்து ஈரத்தை அறியும்) மண் ஈரப்பத சென்சார்களைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வகையில் மின்சாரம் நேராக மண்ணுக்குள் பாய்வதால் உலோகம் சீக்கிரமே அரித்துப் போகும். இதில் செம்புத் தகடு பூச்சுக்குள் மூடியிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. விலையும் பெரும்பாலும் இருநூறு ரூபாய்க்குள்தான். நல்ல பொருள். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காலிபரேஷன் செய்யாமல், அதாவது தெரிந்த நிலைகளில் அளந்து சரிபார்த்துக்கொள்ளாமல், அது காட்டும் எண்ணை நம்பி மோட்டாரை ஓட விடக் கூடாது.

காரணம், இதன் உள்ளமைப்பு. சென்சார் போர்டில் 555 டைமர் என்ற சில்லு மின் அலைகளை உருவாக்குகிறது. மண்ணுக்குள் இருக்கும் தகடு ஒரு கெபாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம். அதன் தேக்கும் திறன்தான் கெபாசிட்டன்ஸ். சுற்றியுள்ள பொருள் அதை எவ்வளவு கூட்டும் என்பதைக் காட்டும் எண் மின்காப்பு மாறிலி. தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80-ஐ ஒட்டியது, காற்றுக்கு 1. அதனால் ஈரம் கூடக் கூட கெபாசிட்டன்ஸ் ஏறும், வெளிவரும் மின்னழுத்தம் இறங்கும். இந்த வழியில் உள்ள ரெசிஸ்டர், கெபாசிட்டர், டயோடு எல்லாவற்றிலும் சிறு தயாரிப்பு வேறுபாடு உண்டு. தகட்டின் மேல் பூச்சின் கனமும் போர்டுக்குப் போர்டு மாறும். இவை சேர்ந்து, ஒரே பாக்கெட்டில் வந்த இரண்டு சென்சார்கள் ஒரே தண்ணீரில் வேறு வேறு எண் காட்டும்.

இது வழக்கமான வேறுபாடு, கணக்கில் சரிசெய்து விடலாம். கணக்கில் சரிசெய்ய முடியாத கோளாறுகளும் வருகின்றன. 555 டைமரில் டிஎல்சி555 என்ற வகை இருக்க வேண்டிய இடத்தில் என்இ555 என்ற வகையை வைத்த போர்டுகள் உண்டு. என்இ555-க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், போர்டிலோ 3.3 வோல்ட்தான் ஓடுகிறது. இன்னொன்று, 1 மெகா ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டோடு சேராமல் விட்டுப்போன போர்டு. அதில் அளவு மாறவே நெடுநேரம் எடுக்கும். வாங்கியதும் மல்டிமீட்டரை வைத்து அவுட்புட் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பாருங்கள், சுமார் 1 மெகா ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வெளியே ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் போதும். சில்லு மாறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

சென்சார் மட்டுமல்ல, அதைப் படிக்கும் சில்லும் ஒன்றுக்கொன்று மாறும். சென்சாரைப் படிக்க நான் வைத்திருக்கும் இஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சில்லில், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசிக்கு உள்ளே இருக்கும் ஒப்பீட்டு மின்னழுத்தம் 1100 மில்லிவோல்ட் என்று வடிவமைக்கப்பட்டது, ஆனால் சில்லுக்குச் சில்லு 1000 முதல் 1200 வரை வேறுபடலாம். அதனால் எந்த சென்சார் எந்தப் பின்னில், எந்த ஒயரில் வேலை செய்யப்போகிறதோ, அதே பின்னிலும் ஒயரிலும் வைத்தே காலிபரேஷன் செய்கிறேன். அப்படிச் செய்தால் வழியில் உள்ள எல்லா வேறுபாடும் ஒரே கணக்குக்குள் வந்துவிடும். வைஃபை ஓடும்போது ஏடிசி2 என்ற இரண்டாவது ஏடிசியின் பின்களைப் பயன்படுத்த முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்முறை எளிது. துடைத்துக் காயவைத்த சென்சாரைக் காற்றில் பிடித்து ஓர் அளவு, போர்டில் உள்ள கோடு வரை தண்ணீரில் நிறுத்தி ஓர் அளவு. பல முறை படித்துச் சராசரி எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு சென்சார் காற்றில் 2600, தண்ணீரில் 1100 என்று ஏடிசி எண்ணில் காட்டுகிறது. இன்னொன்று 2300, 1250. காற்றை 0, தண்ணீரை 100 சதவீதம் என்று வைத்தால், இரண்டும் இப்போது 1850 காட்டும்போது முதலாவது 50 சதவீதம், இரண்டாவது 43. எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பை எழுதி வைத்தால் ஒரு தொட்டி காயும், பக்கத்துத் தொட்டியில் வேர் அழுகும். இந்த போர்டுகளுக்குத் தனி அடையாள எண் கிடையாது. அதனால் பெயின்ட் பேனாவால் எண் எழுதி, அந்த எண்ணோடு இரண்டு அளவுகளையும் இஎஸ்பி32-இன் ஃப்ளாஷ் நினைவகத்தில் சேமிக்கிறேன்.

இந்தச் சதவீதத்தை மண்ணில் உள்ள தண்ணீரின் சதவீதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்சார்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும்தான் அது உதவும். மண்ணுக்கு இன்னொரு படி வேண்டும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்த என் கலவையை நன்றாகக் காயவைத்து, ஒரு கிலோ எடுத்து, 100 மில்லி 100 மில்லியாகத் தண்ணீர் சேர்த்துக் கிளறி, ஒவ்வொரு முறையும் அதே அழுத்தத்தில் நிரப்பி அளவெடுத்தேன். அழுத்தம் முக்கியம். தகட்டை ஒட்டி மெல்லிய காற்று இடைவெளி இருந்தாலே ஈர மண்ணும் காய்ந்த மண் போலத் தெரியும். நார்க்கழிவு கூடுதலாக உள்ள கலவைக்கு இந்த வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும், செம்மண் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் அளவை நகர்த்தும் என்பதால், செடிக்கு விடும் அதே தண்ணீரில் செய்வது நல்லது.

நீண்ட நாள் பயன்பாட்டில் பெரிய எதிரி போர்டின் வெட்டு விளிம்புதான். அங்கே பூச்சு இல்லாததால் தண்ணீர் உள்ளே ஊறி, மண் காய்ந்தாலும் ஈரம் என்றே காட்டத் தொடங்கும். விளிம்பில் எபாக்ஸி அல்லது நகப்பூச்சு தடவி, மேலே உள்ள சில்லுகளைச் சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். இதை முடித்த பிறகே காலிபரேஷன் செய்யுங்கள், ஏனென்றால் பூச்சே அளவை மாற்றிவிடும். அப்புறம், மே மாத வெயிலில் மதிய அளவு தடுமாறுகிறது. விடியற்காலை அளவை மட்டும் வைத்துத் தண்ணீர் விடும் முடிவை எடுக்கிறேன், அது நிலையாக இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை எல்லாவற்றையும் கழுவிக் காற்று, தண்ணீர் அளவுகளை மறுபடி எடுத்துப் பழைய குறிப்போடு ஒப்பிடுகிறேன். கொஞ்சம் நகர்ந்திருந்தால் புதிய எண்ணை எழுதிக்கொள்ளலாம். காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியே சுருங்கிவிட்டால் அந்த சென்சாரை எடுத்துவிடுவேன். புதிதாக வாங்குகிறவர்கள் தேவைக்கு மேல் ஓரிரண்டு சேர்த்தே வாங்குங்கள், மாற்று சென்சாரையும் முன்பே காலிபரேஷன் செய்து, எண் எழுதி எடுத்து வையுங்கள்.