80 வயது கூடுதல் பென்ஷன் வாங்கித் தருவதாகச் சொல்லி அம்மாவிடம் 14,500 ரூபாய் பறித்துவிட்டார்கள்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் உங்கள் வீட்டில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இருந்தால் இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

அப்பா குடியாத்தம் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். 1996-இல் ஓய்வு பெற்றார். அவர் காலமான பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. இந்த வருஷம் அம்மாவுக்கு 80 முடிந்தது. தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் 80 முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, நூறு வயதுக்கு இன்னொரு முழு மடங்கு. அதற்கு அகவிலைப்படியும் உண்டு. அம்மாவின் அடிப்படை 13,000. மாதம் 2,600 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் கூடினால் அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் செலவு கழியும். ஆனால் பணம் ஏறவில்லை. பழைய பென்ஷன் புத்தகத்தில் அப்பாவின் பிறந்த தேதி இருக்கிறது, அம்மாவுடையது இல்லை. காரணம் அவ்வளவுதான். அது எங்களுக்குத் தெரிய வந்தது பிற்பாடு.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், "பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஆன்லைன் சேவைக் கடை இருக்கு, பென்ஷன் வேலையெல்லாம் முடிச்சுத் தராங்க" என்று அம்மாவைக் கூட்டிப் போயிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, நல்லெண்ணத்தில் செய்தார். கடைப் பலகையில் பெரிதாக அரசின் கோபுரச் சின்னம். பார்த்தவர்கள் அரசாங்க இடம் என்றுதான் நினைப்பார்கள். உள்ளே இருப்பது ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், முப்பது வயதுக்காரன் ஒருவன்.

அவன் முதலில் பென்ஷன் புத்தகத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறான். நிதானமாகப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, அப்பா வேலை பார்த்த பள்ளியின் பெயரைச் சொல்லி, "அம்மா, நீங்க கணக்கு சார் வீட்டம்மாவா? நான் சார்கிட்டதாம்மா படிச்சேன். அவர் போட்ட சோறும்மா இது" என்று எழுந்து நின்று கும்பிட்டிருக்கிறான். அம்மா இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிந்தது. அப்பா போன பிறகு அவர் பெயரைச் சொல்லி யாராவது நின்று பேசினால் அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம், அவ்வளவு சந்தோஷம். அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் அம்மா.

அப்பா கடைசியாக வேலை பார்த்த பள்ளி, பதவி, பாடம் எல்லாம் அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் பேசியிருக்கிறான். அப்பா ஓய்வு பெற்றபோது இவன் பால்குடிக் குழந்தையாக இருந்திருப்பான்!

அப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது. ஃபைலிங் சார்ஜ் என்று 4,500. "தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீஸ்ல ஃபைல் நகரணும், சார் வீட்டம்மாங்கிறதால கம்மியாத்தான் சொல்றேன்" என்று, அதாவது சென்னை மாநிலக் கணக்காயர் அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, இன்னொரு 10,000. அம்மா அன்றைக்கே வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். மொத்தம் 14,500 ரூபாய். ரசீது 4,500-க்கு மட்டும், அதுவும் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய துண்டுச் சீட்டு. உயிர்வாழ் சான்றும் போட்டுவிடுகிறேன் என்று கைரேகை வைக்கச் சொல்லியிருக்கிறான். பென்ஷன் புத்தகத்தை "ஒரிஜினல் வேணும்" என்று வைத்துக்கொண்டான்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. அம்மா போன் செய்தால் சர்வர் டவுன். அடுத்த வாரம் கேட்டால் ஆபீசர் டிரான்ஸ்ஃபர், புது ஆபீசர் வந்துதான் கையெழுத்து. அப்புறம் தேர்தல் வேலை என்றான். அந்தச் சமயத்தில் எந்தத் தேர்தலும் கிடையாது. பிறகு போனை எடுப்பதே நின்றது. வேறு நம்பரிலிருந்து அழைத்தால் ஒரு பெண் எடுத்து, "சார் வெளியே போயிருக்கார்" என்பார். பின்னால் அவன் குரல் நமக்கே கேட்கும்.

விஷயம் தெரிந்ததும் நேரில் போனேன். அவன் என்னிடம் சொன்னதை மறக்கவே மாட்டேன். "எந்தப் பத்தாயிரம் மேடம்? அம்மாவுக்கு வயசாயிடுச்சு, மறந்திருப்பாங்க." அம்மா பக்கத்தில் நிற்கும்போதே சொன்னான். பால் கணக்கு முதல் தினமும் டைரியில் எழுதி வைக்கும் மனுஷி. அந்தத் தேதியில் 10,000 எடுத்தது பாஸ்புக்கில் இருக்கிறது, யாருக்குக் கொடுத்தது என்பது டைரியில் இருக்கிறது. காட்டினேன். "அது உங்க டைரி மேடம்" என்றான். 4,500-ஐக் கேட்டால் அது சர்வீஸ் சார்ஜாம், திரும்ப வராதாம். அம்மா ஆட்டோவில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து, "எனக்கு நிஜமா மறதி வந்துடுச்சாடி?" என்று கேட்டார். 14,500 ரூபாயைவிட அவன் எடுத்துக்கொண்டது இதுதான்.

கருவூலத்தில் போய் விசாரித்தோம். அம்மா பெயரில் எந்த மனுவும் வரவே இல்லை. குடும்ப ஓய்வூதியருக்கு வயதுச் சான்றுடன் ஒரு மனு கொடுத்தால் போதும், ஒரு பைசா கட்டணம் கிடையாது என்றார்கள். புத்தகத்தைப் பற்றி அம்மா அழுததும், "பென்ஷன் புத்தகத்துல ஒரு பாதி எங்ககிட்டயே இருக்கும்மா, பென்ஷன் நிக்காது" என்று அங்கிருந்த பெண் ஊழியர் தைரியம் சொன்னார். அவருக்கு நன்றி. அங்கேயே மனு எழுதிக் கொடுத்தோம். காவல் நிலையத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

நிறைய எழுத நினைத்தேன், கோபத்தில் ஓடவில்லை. முக்கியமானது மட்டும். கூடுதல் பென்ஷனுக்குக் கட்டணம் இல்லை, நேராகக் கருவூலத்துக்குப் போங்கள். பென்ஷன் புத்தகத்தின் ஒரிஜினலைக் கடையில் விடாதீர்கள். உயிர்வாழ் சான்றுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வருவார், 70 ரூபாய்தான். தெரியாத கடையில் கைரேகை வைத்திருந்தால் ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்யுங்கள். நான் அன்றிரவே செய்தேன். போனில், ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது. அப்பாவையோ தாத்தாவையோ தெரியும் என்று சொல்லிக்கொண்டு எவனாவது வந்தால், முதலில் அவன் எந்த வருஷம் படித்தான் என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் அம்மாவோடு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். அதே கடையில் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் ரசீது, பாஸ்புக் நகலோடு அங்கே வாருங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.