இஞ்சிச் சோடா என்று சொல்லி பியர் கிட் விற்கிறார்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம்

மகளுக்குச் சித்திரையில் காதுகுத்து. கும்பகோணம் வெயிலில் வருகிற பிள்ளைகளுக்குக் கடைக் கலர் கொடுக்க மனமில்லாமல், இஞ்சியை ஊறவைத்து வீட்டிலேயே சோடா செய்யலாம் என்று ஆன்லைனில் ஒரு கிட் வாங்கினேன். 6,800 ரூபாய். பெட்டியில் ‘இயற்கை இஞ்சிச் சோடா, 4 லிட்டர் முதல் செய்யலாம்’ என்று ஒட்டியிருந்தது. உள்ளே குழாய் வைத்த 30 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட், ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு), ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி), ஈஸ்ட் பாக்கெட், ஒரு டஜன் மெல்லிய கண்ணாடி பாட்டில், ஒரு அட்டை.

அட்டையில் இருந்தபடியே செய்தேன். நாலு லிட்டர் தண்ணீர், 400 கிராம் சர்க்கரை, இஞ்சிச் சாறு, ஈஸ்ட் பாக்கெட் முழுவதும். 14 நாள் மூடி வை என்றது, வைத்தேன். பிறகு 150 கிராம் சர்க்கரை கலந்து பாட்டிலில் அடைத்து இறுக்கி மூடு என்றது, அதையும் செய்தேன். முதல் நாள் ஹைட்ரோமீட்டர் 1.040 காட்டியது, பாட்டிலில் அடைக்கும் முன் 1.002. அட்டையில் இரண்டையும் குறிக்கக் கட்டம் போட்டிருந்தார்கள், குறித்து வைத்தேன். அது எதற்கு என்று எங்கும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் இரவு ஒரு மணிக்கு அடுக்களையில் மூன்று பாட்டில் அடுத்தடுத்து வெடித்தன. கண்ணாடித் துண்டு எதிர்ச் சுவர் வரை பறந்திருந்தது. பகலில் மகள் விளையாடுகிற இடம் அது. நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

காதுகுத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து மனைவியின் அண்ணன் வந்திருந்தார். அங்கே வீட்டில் சொந்தக் குடிக்கு அளவோடு பியர் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமுண்டு, அவர் செய்து பழகியவர். மிச்ச பாட்டில்களை யாரும் தொடக்கூடாது என்று ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். பக்கெட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மாப்ள, இது சோடாவுக்கு உள்ளதில்ல, பியர் பக்கெட்” என்றார். உள்ளே 23 லிட்டர் கோட்டைக் காட்டினார். வீட்டில் பியர் செய்பவர்களுக்கு ஒரு தடவைக்கு வழக்கமான அளவு அதுதானாம்.

அப்புறம் என் கட்டத்தைப் பார்த்து, ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவதால்தான் அந்த எண் குறைகிறது, 1.040-இல் 1.002 போக மிச்சம் 0.038, அதை 131-ஆல் பெருக்கு என்றார். ஏறக்குறைய 5 வந்தது. ஐந்து சதம் ஆல்கஹால். பியரும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதைத்தான் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்க இருந்தேன்.

வெடித்த காரணமும் அந்த அட்டைதான். பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரையை ஈஸ்ட் வாயுவாக மாற்றும், அளவு மிஞ்சினால் பாட்டில் தாங்காது. 150 கிராம் என்பது 23 லிட்டருக்கு, லிட்டருக்கு ஆறேழு கிராம். நாலு லிட்டருக்கு 26 கிராம் போதும். பெட்டியில் நாலு லிட்டர் என்று ஒட்டியவர்கள் அட்டையில் இந்த ஒரு எண்ணை மாற்றவில்லை. ஈஸ்ட் பாக்கெட்டும் 23 லிட்டருக்கு உரியது. அந்தப் பக்கெட்டில் நாலு லிட்டர் ஊற்றினால் ஐந்து செ.மீ. உயரம்தான் நிற்கும். குழாய் மூன்று செ.மீ. உயரத்தில் இருக்கிறது, பாதிக்கு மேல் குழாய்க்குக் கீழேயே தங்கிவிடும். பக்கெட்டைச் சாய்த்தால் அடிக் கசடும் சேர்ந்து வருகிறது. வெளியே ஒட்டியிருக்கும் வெப்பமானிப் பட்டையோ நீர்மட்டத்துக்கு எவ்வளவோ மேலே, அது காட்டுவது வெறும் காற்றின் சூட்டை.

விற்றவரைப் போனில் கேட்டேன். முதலில் நான்தான் தப்பாகக் கலந்துவிட்டேன் என்றார். கடைசியில், “பியர் கிட்தான் சார், லேபிள் மட்டும் மாத்திருக்கோம். நீங்க பியரே போடுங்க, வீட்டுக்குள்ள லைசென்ஸ் எல்லாம் வேண்டாம்” என்றார். இதுவும் பொய். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அவர் பேச்சை நம்பியிருந்தால் நான் கோர்ட்டில் நின்றிருப்பேன்.

பணம் திரும்ப வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பில், அட்டை, பெட்டி மூன்றையும் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள்.

இஞ்சிச் சோடா கிட் என்று பார்த்தால் ஏர்லாக், 30 லிட்டர் பக்கெட், ‘14 நாள்’ இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்காதீர்கள். அதே பெட்டி இப்போது வேறு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது, படத்தில் ஒரு குழந்தை கையில் பாட்டிலோடு சிரிக்கிறது.