கப்ரிசோவோட 17 மில்லியனா, மெக்டேவிட்டோட 12.5 மில்லியனா: ஐஸ் ஹாக்கி சம்பளத்த எப்படி ஒப்பிடறது?

2025 செப்டம்பர் 30ந்தேதி கிரில் கப்ரிசோவ் மினசோட்டா வைல்ட் டீமோட 8 வருஷத்துக்கு 136 மில்லியன் டாலருக்கு கையெழுத்து போட்டாரு. வருஷத்துக்கு 17 மில்லியன், நம்ம காசுல ஏறத்தாழ 150 கோடி, வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வரலாற்றுல அதுக்கு முன்னாடி யாருக்கும் இவ்ளோ பெரிய கான்ட்ராக்ட் கிடைச்சதே இல்ல. சரியா ஆறே நாள்ல, அக்டோபர் 6ந்தேதி, இன்னிக்கு விளையாடறவங்கள்லயே பெஸ்ட்டுன்னு கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துக்கற கானர் மெக்டேவிட் எட்மன்டன் ஆயிலர்ஸோட வெறும் 2 வருஷத்துக்கு 25 மில்லியன்னு போட்டாரு. வருஷத்துக்கு 12.5. 2018ல இருந்து வாங்கிட்டு இருக்கற அதே சம்பளம், ஒரு டாலர் கூட ஏத்தல.

நான் இருக்கறது டொராண்டோவுல, இங்க குளிர்காலம் வந்தா ஆபீஸ்ல வேற பேச்சே கிடையாது. அந்த வாரம் பூரா எங்க லஞ்ச் டேபிள்ல ஓடினது ஒரே டயலாக்தான்: கப்ரிசோவ் பேராசக்காரரு, மெக்டேவிட் தியாகி. எனக்கு ரெண்டுமே ஒத்துக்கவே முடியல. சம்பளத்த இப்படி மொட்டையா நம்பர் பக்கத்துல நம்பர் வெச்சு ஒப்பிட்டா தப்பான ஆளத்தான் திட்டுவோம், அதுனாலதான் இத கொஞ்சம் விவரமா எழுதணும்னு தோணுச்சு.

மொதல்ல அடிப்படை. 2004-05ல ஓனர்களுக்கும் பிளேயர் யூனியனுக்கும் முட்டிக்கிட்டு ஒரு முழு சீசனே நடக்காம போச்சு, அந்த சண்டை முடியறப்ப வந்ததுதான் சேலரி கேப். ஐ.பி.எல்.ல ஒவ்வொரு டீமுக்கும் இவ்ளோதான் பர்ஸுன்னு இருக்குல்ல, அதே மாதிரிதான், ஆனா இங்க ஏலம் கிடையாது, பேச்சுவார்த்தைதான். 2005-06ல ஒரு டீமுக்கு 39 மில்லியன் இருந்த கேப் 2025-26ல 95.5 மில்லியன், அடுத்த வருஷத்துக்கு 104, அதுக்கடுத்த வருஷத்துக்கு 113.5ன்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. நடுவுல கோவிட் வந்து மூணு சீசன் 81.5லயே அப்படியே நின்னுச்சு, அந்த நேரத்துல கான்ட்ராக்ட் முடிஞ்சவங்க பாடு ரொம்ப கஷ்டம். ஒரே ஆளுக்கு கேப்ல 20 சதவீதத்துக்கு மேல குடுக்கக் கூடாது. மொத்தத் தொகைய வருஷக் கணக்கால வகுத்தா வர்ற சராசரிதான் கேப் ஹிட், டீம் கணக்குல ஏறறது அதுதான். பிளேயர் கையில எந்த வருஷம் எவ்ளோ போகுதுங்கறது தனிக் கதை, அதுக்கு அப்புறம் வரேன்.

டீமோட மொத்த பணத்துல இந்த ஆளுக்கு எவ்ளோ பங்கு போகுதுன்னு பாக்கறதுதான் சரியான அளவுகோல்னு நான் நெனைக்கறேன். அப்படி பாத்தா கப்ரிசோவோட 17 மில்லியன் முதல் வருஷக் கேப்பான 104ல 16.3 சதவீதம். 2008 ஜனவரியில அலெக்ஸ் ஒவெச்கின் வாஷிங்டன் கேபிடல்ஸோட 13 வருஷம் 124 மில்லியன்னு போட்டாரே, என்.எச்.எல்.ல 100 மில்லியன தாண்டின முதல் கான்ட்ராக்ட், அதோட கேப் ஹிட் 9.54 மில்லியன்தான், ஆனா அது தொடங்கின 2008-09ல கேப் 56.7. பங்கு 16.8 சதவீதம். அதாவது வரலாறு காணாத சம்பளம்னு எல்லாரும் வாய பொளக்கற கப்ரிசோவ் கான்ட்ராக்ட் டீமுக்கு குடுக்கற பாரம் 17 வருஷத்துக்கு முன்னாடி ஒவெச்கின் குடுத்தத விட ஒரு பிடி கம்மிதான். மெக்டேவிட்டோட பழைய கான்ட்ராக்ட், 8 வருஷம் 100 மில்லியன், அது 2018-19ல தொடங்கினப்ப 79.5 மில்லியன் கேப்ல 15.7 சதவீதம் எடுத்துச்சு. அதே பங்க 104ல போட்டுப் பாருங்க, 16.35 மில்லியன் வருது. கப்ரிசோவ் வாங்கினதுக்கு ரொம்ப கிட்ட. கேப் ஏறுது, கூடவே நம்பரும் ஏறுது, இதுல பேராச எங்க இருக்கு?

இந்த பங்குக் கணக்கு நல்லா புரியணும்னா பிட்ஸ்பர்க் டீமோட சிட்னி கிராஸ்பியையும் ஒவெச்கினையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும், எனக்கு ரொம்ப பிடிச்ச ஒப்பீடு இதுதான். டீம்கள் வரிசையா புது இளம் பிளேயர்கள எடுக்கற டிராஃப்ட்ல ரெண்டு பேரும் நம்பர் 1, ஒவெச்கின் 2004, கிராஸ்பி 2005, அந்த 2004-05 சண்டையில ஓனர்கள் லீக்க மூடின லாக்அவுட்டால ரெண்டு பேரும் ஒரே சீசன்ல அறிமுகம். கிராஸ்பி பொறந்தது 87ஆம் வருஷம் ஆகஸ்ட் 7, ஜெர்சி நம்பர் 87, சம்பளமும் 8.7 மில்லியன். 2008ல இருந்து 5 வருஷத்துக்கு 43.5 மில்லியன், அடுத்து 12 வருஷத்துக்கு 104.4, அப்புறம் 2024ல போட்ட 2 வருஷத்துக்கு 17.4, மூணையும் வகுத்துப் பாருங்க, மூணுலயும் அதே 8.7தான். மொத்தம் 19 சீசனுக்கு 165.3 மில்லியன். ஒவெச்கின் 13 வருஷம் 124, அதுக்கப்புறம் 2021ல 5 வருஷம் 47.5, ஆக 18 சீசனுக்கு 171.5. ரெண்டு பேர் வாழ்க்கைக் கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வந்து நிக்குது பாத்தீங்களா.

ஆனா பணம் வந்த விதம் நேர் எதிர். ஒவெச்கினுக்கு முதல் 6 வருஷம் வருஷத்துக்கு 9 மில்லியன், அடுத்த 7 வருஷம் 10 மில்லியன், வயசு ஏற ஏற சம்பளமும் ஏறுச்சு, ஏஜென்ட் கூட இல்லாம அவரே பேசி முடிச்ச டீல். கிராஸ்பியோட 12 வருஷ கான்ட்ராக்ட்ல முதல் மூணு வருஷம் 12 மில்லியன், கடைசி மூணு வருஷம் வெறும் 3 மில்லியன். கடைசியில இப்படி இறக்கி வெச்சா சராசரி குறையும், டீமுக்கு கேப்ல எடம் கிடைக்கும், பிளேயருக்கு முன்னாடியே பெரிய பணம் வந்துரும். அத அவரு போட்டது 2012ல, தலையில அடிபட்டு அதுக்கு முந்தின ரெண்டு சீசன்ல பாதிக்கு மேல ஆடாம போன நேரம். திரும்பி எப்படி ஆடுவாருன்னு யாருக்கும் உறுதியா தெரியாத அந்த நேரத்துல 12 வருஷ பாதுகாப்புக்கு என்ன மதிப்புன்னு அடிபட்டு வீட்ல உக்காந்த எவனுக்கும் புரியும். பிட்ஸ்பர்க் அந்த எடத்த வெச்சு சுத்தி ஆள் சேத்து 2016லயும் 2017லயும் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை அடிச்சாங்க. 2008-09ல கேப்ல 15.3 சதவீதமா இருந்த 8.7 மில்லியன் 2025-26ல 9.1 சதவீதம்தான், 38 வயசுலயும் டீமோட நம்பர் 1 சென்டர் அவருதான். என்னக் கேட்டா கேப் வந்த நாள்ல இருந்து ஒரு டீமுக்கு அமைஞ்ச பெஸ்ட் கான்ட்ராக்ட் இதுதான்.

அதே 2012ல அதே மாதிரி நீள கான்ட்ராக்ட் மினசோட்டாவுக்கு விஷமா மாறுச்சு. ஜூலை 4ந்தேதி சாக் பாரிஸே, ரயன் சூட்டர் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 13 வருஷம் 98 மில்லியன்னு ஒரே நாள்ல அள்ளிக் குடுத்தாங்க. 2021ல ரெண்டு பேரையும் பைஅவுட் பண்ணி, அதாவது மிச்ச சம்பளத்துல ஒரு பகுதிய குடுத்து கான்ட்ராக்ட முடிச்சு, அனுப்பிட்டாங்க, ஆனா கேப் கணக்கு விடல, 2023-24லயும் 2024-25லயும் டீம்லயே இல்லாத அந்த ரெண்டு பேருக்காக 14 மில்லியனுக்கு மேல கேப்ல செத்த பணமா நின்னுச்சு. அவ்ளோ வருஷம் கைய கட்டிப் போட்ட டீம்ல கப்ரிசோவ் 9 மில்லியனுக்கு ஆடி ஒத்தையா இழுத்துட்டுப் போனாரு. அந்த செத்த பணம் கரைஞ்ச உடனே 17 குடுக்கறாங்கன்னா அதுல ஒரு நியாயம் இருக்கு. நீள கான்ட்ராக்ட் யாருக்கு, எந்த வயசுல, எப்படிப் பிரிச்சுங்கறதுதான் விஷயம். அந்த 13 வருஷம் 15 வருஷம் கூத்தெல்லாம் ஓனர்களும் யூனியனும் 2013ல போட்ட ஒப்பந்தத்தோட முடிஞ்சிருச்சு, சொந்த டீம்னா அதிகபட்சம் 8 வருஷம், வேற டீம்னா 7, அதுவும் 2026 செப்டம்பர்ல இருந்து 7, 6ன்னு குறையுது.

இப்ப மெக்டேவிட்டுக்கு வருவோம். அவரு கேட்டிருந்தா 20 சதவீத விதிப்படி 19.1 மில்லியன் வரைக்கும் வாங்கிருக்கலாம், எட்மன்டன் மறு பேச்சு பேசிருக்காது. 104 கேப்ல 12.5ங்கறது 12 சதவீதம்தான், உலகத்தோட பெஸ்ட் பிளேயருக்கு இது அடிமாட்டு விலை. 2024லயும் 2025லயும் ஃபைனல் வரைக்கும் போயி ரெண்டு தடவையும் ஃப்ளோரிடாகிட்டயே தோத்த ஆளு, அந்த மிச்சம் பண்ண நாலஞ்சு மில்லியன்ல ஒரு நல்ல டிஃபென்ஸ்மேன வாங்குங்கன்னு சொல்றாருன்னுதான் நான் இத எடுத்துக்கறேன். ஆனா வருஷத்த பாருங்க, ரெண்டே ரெண்டு. காசுல விட்டுக் குடுத்தத காலத்துல வாங்கிக்கிட்டாரு. ரெண்டு வருஷத்துக்குள்ள கோப்பைக்கு வழி பண்ணு, இல்லன்னா நான் கெளம்பறேன்னு மேனேஜ்மென்ட் கழுத்துல கத்தி வெச்ச மாதிரிதான். இதப் போயி தியாகம்னு சொல்றது அவரோட புத்திசாலித்தனத்த கொறச்சு மதிப்பிடறதாத்தான் எனக்குப் படுது.

அவரோட கூட்டாளி லியோன் டிரைசைடல் வேற வழில போனாரு. 2017ல 8 வருஷம் 8.5 மில்லியன்னு போட்டப்ப, இவருக்கு இவ்ளோ அதிகம்னு சொன்னவங்க நெறைய பேரு, 2020ல அதே சம்பளத்துல சீசனோட மதிப்புமிக்க பிளேயருக்கான ஹார்ட் டிராஃபி வாங்கினதும் அத்தன பேரும் கப்சிப். அடுத்தது 8 வருஷம் 112 மில்லியன், வருஷத்துக்கு 14, தொடங்கின வருஷத்துல 14.7 சதவீதம். கொலராடோவோட மெக்கின்னனும் இதே ரகம், 7 வருஷம் 6.3 மில்லியனுக்கு ஆடி, அந்த கான்ட்ராக்ட்லயே 2022ல கோப்பையும் அடிச்சுட்டு, அப்புறம் சரியா ரெண்டு மடங்கு, 12.6 மில்லியன்னு 8 வருஷத்துக்குப் போட்டாரு. முதல் பெரிய கான்ட்ராக்ட்ல டீமுக்கு லாபம், ரெண்டாவதுல பிளேயருக்கு வட்டியோட திரும்ப வருது. இதுவரைக்கும் பாத்த வகைகள்ல ரெண்டு பக்கமும் நிம்மதியா தூங்கறது இதுலதான்னு தோணுது.

எங்க ஊரு டீம் மேப்பிள் லீஃப்ஸோட ஆஸ்டன் மேத்யூஸ் இன்னொரு மாதிரி. மொதல்ல 5 வருஷம், அப்புறம் 4 வருஷம் 53 மில்லியன், வருஷத்துக்கு 13.25, பங்கு 15 சதவீதம். ரெண்டு தடவையும் 8 வருஷம் கேக்கல, கேப் ஏறும்போதெல்லாம் திரும்பி மேஜைக்கு வரலாம்ல. அதுல பெரும்பகுதி சைனிங் போனஸ், அதாவது ஜூலை 1ந்தேதி மொத்தமா கைக்கு வந்துரும். லாக்அவுட் வந்தாலும் அது நிக்காது, பைஅவுட் பண்ணா சம்பளத்ததான் மூணுல ரெண்டு பங்கா குறைக்க முடியும், போனஸ்ல கை வைக்க முடியாது. கேப் ஹிட் ஒண்ணா இருக்கற ரெண்டு கான்ட்ராக்ட்ல போனஸ் அதிகமா இருக்கறதுதான் பிளேயருக்கு ஒசத்தி, இத ஒப்பீடு பண்றவங்க பாதிப் பேர் கவனிக்கறதே இல்ல.

அப்புறம் வரி. டொராண்டோ இருக்கற ஒன்டாரியோவுல மேல்மட்ட வரி 53 சதவீதத்துக்கு மேல. ஃப்ளோரிடா, டெக்ஸாஸ், டென்னஸி, நெவாடாவுல மாநில வருமான வரியே கிடையாது, மத்திய அரசு வரி மட்டும்தான், வெளியூர் மேட்ச்சுக்கு அந்தந்த ஊர்ல கட்டணும் அவ்ளோதான். 2023-24 சீசன்ல மேத்யூஸ் 69 கோல், ஃப்ளோரிடாவோட சாம் ரைன்ஹார்ட் 57 கோல். அந்த சீசன் முடிஞ்சு கோப்பையும் தூக்கிட்டு ரைன்ஹார்ட் போட்டது 8 வருஷம் 69 மில்லியன், வருஷத்துக்கு 8.625. அதே டீமோட பார்கோவ் 10, டிகாச்சக் 9.5, எல்லாருமே மார்க்கெட் விலைக்குக் கீழ. வரி மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஜெயிக்கற டீம், சூடான ஊரு, தெருவுல நிம்மதியா நடக்கலாம், எல்லாம் சேந்துதான். ஆனாலும் 2020ல இருந்து 2025 வரைக்கும் ஆறு கோப்பைல அஞ்சு வரியில்லாத மாநிலத்துக்குத்தான் போயிருக்கு: டாம்பா ரெண்டு, வேகஸ் ஒண்ணு, ஃப்ளோரிடா ரெண்டு. 1967க்கு அப்புறம் கோப்பையே பாக்காத ஊர்ல உக்காந்து இந்தக் கணக்க போடறப்ப வயிறு எரியுது. கேப்ப போடறப்ப வரியையும் சேத்து சமன் பண்ணணும்னு நான் உறுதியா நம்பறேன்.

இன்னொண்ணும் சொல்லாம விட மனசு வரல. 2024ல இதே ஊர்கள்ல தொடங்கின பெண்கள் லீக், பி.டபிள்யூ.எச்.எல்., அதுல ஆரம்பத்துல போட்ட விதிப்படி குறைஞ்சபட்ச சம்பளம் 35,000 டாலர், ஒவ்வொரு டீம்லயும் ஆறு பேருக்காவது 80,000 குடுக்கணும். 80,000 வாங்கற பெரிய ஸ்டார் மெக்டேவிட்டோட ஒரு வருஷ சம்பளத்த தொடணும்னா 156 வருஷம் ஆடணும்.

திரும்ப எங்க கதைக்கு வரேன். மெக்டேவிட் கான்ட்ராக்ட் முடியறது 2028 கோடையில. மேத்யூஸ் கான்ட்ராக்ட் முடியறதும் அதே 2028 கோடையிலதான். 2027-28 கேப்பான 113.5ல அதே 15 சதவீதம்னு போட்டாலே மேத்யூஸுக்கு 17 மில்லியன் வருது, அவருக்கு அப்ப 31 நெருங்கிரும், 7 வருஷம் கேட்டா 38 வரைக்கும் டீம் சுமக்கணும். மெக்டேவிட் பொறந்தது இங்க பக்கத்துல ரிச்மண்ட் ஹில்ல, வளந்தது நியூமார்க்கெட்ல, எங்க வீட்ல இருந்து காருல போயிட்டு வந்துரலாம். லஞ்ச் டேபிள்ல இப்பவே ரெண்டு பேரையும் சேத்து ஒரே டீம்ல வெச்சு நாப்கின் பேப்பர்ல கூட்டிக் கழிச்சுட்டு இருக்கோம், 34ல இருந்து 36 மில்லியன் வரைக்கும் வருது, கேப்ல மூணுல ஒரு பங்குக்கிட்ட ரெண்டே பேருக்கு. கோல்கீப்பருக்கும் டிஃபென்ஸுக்கும் மிச்சம் என்ன இருக்கும்னு நான் கேட்டுட்டே இருக்கேன், ஒருத்தனும் காதுல வாங்கல.