கோத்தகிரி உயிரியல் டியூஷன்: மியாசிஸுக்காகவே சேர்க்கலாம்

மகள் பிளஸ் ஒன். விந்து, முட்டை செல்கள் உருவாகும் மியாசிஸ் பிரிவின் கட்டங்களை லெப்டோட்டீன், சைகோட்டீன் என்று வரிசையாக ஒப்பிப்பாள், ஆனால் செல் எதற்கு இரண்டு முறை பிரிகிறது என்று கேட்டால் முழிப்பாள். இங்கே சார் முதல் நாள் புத்தகத்தையே திறக்கவில்லையாம். சிவப்பு, நீலக் கம்பளி நூலை ஜோடி ஜோடியாக மேஜையில் பரப்பி, முதல் பிரிவில் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஜோடியாக இருக்கும் ஒத்த குரோமோசோம்கள்தான் விலகும், மனிதனுக்கு 46 என்பது 23 ஆவது அங்கேயே முடிந்துவிடும், இரண்டாவதில் ஒரே குரோமோசோமின் இரு நகல்களான சகோதரி குரோமாட்டிடுகள் பிரிவது ஏறக்குறைய சாதாரண செல் பிரிவான மைட்டாசிஸ் மாதிரிதான் என்று பிள்ளைகளையே நகர்த்த வைத்திருக்கிறார். பாக்கிடீன் கட்டத்தில் ஜோடி குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றத்துக்கு இரண்டு நிற நுனிகளையும் வெட்டி மாற்றி முடிச்சுப் போட்டது எனக்கே பிடித்தது. அண்ணன் தங்கை ஒரே அச்சாக இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மைக்ரோஸ்கோப் ஒன்றுதான், அதுவும் பழசு. வெங்காயப் பூமொட்டு ஸ்லைடு பார்க்க வரிசையில் நிற்க வேண்டும். கட்டணம் கொஞ்சம் அதிகம். மழைக்காலத்தில் கரண்ட் போனால் வகுப்பைப் பாதியில் முடித்துவிடுகிறார்கள், வீட்டுக்கு ஒரு போன்கூட இல்லை. அப்புறம், நீட் கேள்விப் பயிற்சிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.