கொழும்பில் சுற்றுலா முதலீட்டுச் சேவைப் பிரிவு: எதற்குப் போகலாம், எதற்குப் போதாது

இலங்கையில் ஹோட்டல் கட்ட நினைக்கும் வெளிநாட்டவர் முதலில் போகவேண்டிய இடம், சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் முதலீட்டுப் பிரிவு. பல திணைக்களங்களின் கருத்தை ஒரே இடத்தில் திரட்டித் தருவது பெரிய உதவி. ஆனால் காணிச் சிக்கலை அது தீர்க்காது. திட்டங்கள் தடுக்கி விழுவதும் அங்கேதான்.

ஹோட்டலில் 100 வீதம் வெளிநாட்டுப் பங்கு வைத்திருக்கலாம். பயண முகவர் நிலையமென்றால் 40 வீதத்தைத் தாண்ட முதலீட்டுச் சபையின் அனுமதி வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டுப் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனி பொதுவாகக் காணி வாங்க முடியாது. 99 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி வைப்பதை அறவே தவிருங்கள். பிணக்கு வந்தால் காணி அவருக்கே.

பணத்தை, வெளிநாட்டு முதலீட்டுக்கென வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகவே கொண்டுவாருங்கள். சாதாரணக் கணக்கில் போட்டால் இலாபத்தைத் திருப்பி அனுப்பும்போது வங்கி மறிக்கும்.

கடலோரமென்றால் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதி கட்டாயம். 99 அறைகளைத் தாண்டினால் சுற்றாடல் மதிப்பீடும் சேரும். குத்தகையில் கையெழுத்திடுமுன் இவ்விரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.